அத்தா தலைகீழாகக் கட்டிய கரை

என்னைப் பெற்றவரும் என்னைக் கட்டியவரும் முதல் மூன்று வருஷம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. மரியாதை. எங்கள் பக்கத்தில் மாமனார் எதிரில் மாப்பிள்ளை வாய் திறக்கமாட்டார். மாப்பிள்ளை எதிரில் மாமனார் காலை நீட்டி உட்காரமாட்டார். சொல்ல வேண்டியது எதுவானாலும் நடுவில் நான் நிற்க வேண்டும். “மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு தாயி” என்பார் அத்தா. “சாப்பிட்டாச்சுன்னு சொல்லு” என்பார் இவர். இரண்டு பேரும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே கேள்வியும் பதிலும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனாலும் நான் ஒரு தடவை சொல்லி முடித்தால்தான் சொன்னதாக அர்த்தம்.

இந்த மரியாதையால்தான் இடக்கொச்சியில் எங்கள் குளத்தங்கரை தலைகீழாகக் கட்டப்பட்டது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

நான் ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வாழ வந்தவள். ஐம்பதுகளின் கடைசி அது. இவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வற்றல் மிளகாயும் மல்லியும் வியாபாரம் செய்தது. முன்னால் கடை, பின்னால் சரக்குக் கிட்டங்கி, அதற்கு மேலே வீடு. அண்ணன் தம்பி மூன்று பேரின் குடும்பமும் அந்த மாடியில்தான். எனக்கும் இவருக்கும் கிடைத்தது மூலையில் ஒரு அறை. அதன் பலகைத் தரையின் இடுக்கு வழியாக மிளகாய் நெடி ஏறி வரும். கல்யாணமான முதல் மாதம் நான் தும்மிக்கொண்டே இருந்ததில், புதுப்பெண்ணுக்குச் சீக்கு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம்.

தும்மல் பழகிவிட்டது. தண்ணீர் பழகவில்லை. தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரைச் சண்டை போட்டுப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான். கிணற்றுத் தண்ணீரில் உப்பு. குளித்தால் தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். சில நாள் சோறும் அதில்தான் வேகும். எங்கள் ஊரில் தண்ணீர் குறைவு, ஆனால் இருக்கிற தண்ணீர் வாய்க்கு இனிக்கும். கண்மாய்க் கரையில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து வளர்ந்தவள் நான்.

இரண்டு பிள்ளை எனக்குத் தங்கவில்லை. இரண்டுமே நாலாம் மாதம் போயின. எர்ணாகுளத்துப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஓய்வு வேண்டும் என்றார். அத்தா அதை ஒப்புக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் பாதி நம்பினேன். எதையாவது நம்பினால்தானே தூக்கம் வரும்.

இரண்டாவது போன பிறகு, பங்குனி வெயிலில் அத்தா வந்து நின்றார். என் அம்மா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனார். தலை வாரிவிட்டதிலிருந்து குர்ஆன் ஓத உட்கார வைத்தது வரை எல்லாம் அத்தாதான். கடைக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாக்கு மூட்டையைப் பார்த்து, “ஒரு வருஷம் மக எங்கூட இருக்கட்டும்னு மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு தாயி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தாவோடு போக ஆசை இல்லாமலில்லை. ஆனால் இவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த நெரிசல் வீட்டில் நான் படுக்கையில் கிடந்த இரண்டு தடவையும் கடையை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு, பெண்கள் எல்லாம் கேலி பேசப் பேச, என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர் இவர். இன்னொரு பயமும் இருந்தது. அங்கே போய் மூன்றாவதும் தங்காமல் போனால், அத்தா என்னைத் திருப்பி அனுப்பவே மாட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இடக்கொச்சியில எம்பாகத்துக்கு ஒரு தெங்குத்தோப்பு கிடக்குல்ல. அங்க ஒரு குளம் வெட்டி, நல்ல தண்ணி நிறுத்தி, இவளைத் தனியாக் குடிவெக்கேன்னு மாமாகிட்டச் சொல்லு.”

மிளகாய் மூட்டையைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத மனுஷன் குளம் வெட்டுகிறேன் என்கிறார். அத்தாவின் மீசை லேசாக ஆடியது. சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவர் சொன்னது இது: “குளம் வெட்டுறது பெருசில்ல தாயி. கரைதான் பெருசு. கரையை நானே கட்டித் தாரேன்னு சொல்லு. தை பொறக்கிற வரைக்கும் தண்ணி இனிச்சுக் கெடந்தா நீ இங்கனயே இரு. உப்பு ஏறிருச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசக் கூடாது.” இவர் சரி என்று தலையாட்டினார். நான் ஒருத்தி அங்கே நிற்கிறேனே, என்னை யாரும் கேட்கவில்லை.

இடக்கொச்சித் தோப்பு காயலிலிருந்து பிரிந்து வரும் ஒரு தோட்டின் ஓரத்தில் இருந்தது. தோடு என்றால் அங்கே வாய்க்கால். வள்ளம் போகிற அளவுக்கு அகலம், உப்புத் தண்ணீர். தோப்பில் ஓலை வேய்ந்த ஒரு சின்ன வீடு உண்டு. நாங்கள் மூவரும் பானை சட்டியோடு அங்கே போய் இறங்கினோம். இவர் காலையில் கடைக்குப் போவார், மதியத்துக்கு மேல் திரும்பி வந்து மண் சுமப்பார். குளம் வெட்டக் கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். கரை வேலையில் மட்டும் அத்தா வேறு யாரையும் கை வைக்க விடவில்லை.

அத்தாவுக்குக் கரை என்றால் தொழுகை மாதிரி. ஒழுங்கு தப்பக் கூடாது. தோட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் நீளமாகக் கயிறு பிடித்தார். மேலே இருந்த புல்லையும் வேரையும் சுரண்டி எறிந்தார். ஒரு வேர் உள்ளே கிடந்தாலும் அது மக்கித் தண்ணீருக்கு வழி விட்டுவிடுமாம். கிழக்கேயிருந்து வள்ளத்தில் செம்மண் வந்தது. பிஸ்மி சொல்லி முதல் கூடையைக் கொட்டினார். ஒரு சாண் உயரத்துக்கு மண், அதன் மேல் தண்ணீர் தெளிப்பு, பிறகு மிதி. மிதித்து இறுகிய பிறகுதான் அடுத்த சாண்.

அந்த மிதிக்குத்தான் வந்தது வம்பு. எங்கள் ஊரில் கரைக்கு மண் போட்டதும் ஆட்டு மந்தையை மேலே ஏற்றி முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். ஆட்டின் சின்னக் குளம்பு இறங்கி இறங்கி மண்ணை இறுக்குகிற மாதிரி மனுஷக் கால் இறுக்காது. “ஆடு வேணும்னு மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு” என்றார் அத்தா. இடக்கொச்சியில் மந்தைக்கு எங்கே போவது? இவர் யோசித்துவிட்டு, மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுற்றும் ஆடுகளை, அவற்றின் சொந்தக்காரர்களிடம் கெஞ்சி, ஒரு சரக்கு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஆடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிறந்ததிலிருந்து கடைப்படியும் சாக்கும் சுக்குத் தூளும் தவிர வேறொன்றும் காணாத ஆடுகள். மண்ணில் கால் வைக்கவே அவற்றுக்குக் கூச்சம். கரை மேல் ஏற்றினால் ஒன்று சரிவில் இறங்கி என் வெண்டைச் செடியைத் தின்றது, ஒன்று மறுபடியும் வள்ளத்தில் போய் ஏறி நின்றுகொண்டது. அத்தா பின்னாலிருந்து “ஹேய் ஹேய்” என்று ஓட்ட, முன்னால் இவர் கையில் பலாத்தோலை ஆட்டிக்கொண்டு கரை நெடுக ஓடினார். ஆடுகள் பலாத்தோலுக்காக இவர் பின்னால் ஓடின. தோட்டில் வள்ளம் ஓட்டிப் போன பக்கத்து வீட்டுச் சேச்சி துடுப்பை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தார். அன்று நானும் சிரித்தேன். வயிறு காலியான பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் கரை எழுந்துவிட்டது. குளத்தைப் பார்த்த பக்கம் நல்ல சாய்வு; அதன் மேல் அலை தட்டிக் கரையாதபடி கல் பாவியிருந்தார். தோட்டைப் பார்த்த பக்கம் செங்குத்து, வெறும் மண். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை அப்படியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தா தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டை ஒரு பை நிறையக் கொடுத்து, பானையில் எப்படி உரைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்லிவிட்டு ஊருக்கு ரயில் ஏறினார்.

மழை குளத்தை நிரப்பியது. அந்தத் தண்ணீரில் நான் முதன்முதலாகச் சோறு வடித்த அன்று, இவர் தட்டைப் பார்த்து, “இவ்வளவு வெள்ளையாவா சோறு இருக்கும்?” என்றார். தலைமுடி மறுபடியும் முடியாக ஆயிற்று. புரட்டாசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இவரிடம் சொன்னேன். இவர் எழுந்து போய்க் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அத்தாவுக்குக் கடுதாசி போட்டோம்.

கார்த்திகையில் அத்தா வந்தார். எனக்கு மூன்று முடிந்து நாலாம் மாதம். வந்ததும் பையை வைக்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளத்துக்குப் போனார். குனிந்து அள்ளி வாயில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “இனிக்குது தாயி” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் முகம் கொஞ்சம் வாடிப்போனதை நான் பார்த்தேன். கூட்டிக்கொண்டு போகிற ஆசையோடுதானே வந்திருக்கிறார். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்றார்.

அந்த வாரம் பௌர்ணமி. மலையாளத்துக்கு அது விருச்சிக மாதம். வருஷத்தில் அந்த மாதம்தான் கடல் ஓதம் ஏறி, காயலும் தோடும் பொங்கி நிற்கும். வேலியேற்றம் என்பார்கள். விடியற்காலை பஜர்த் தொழுகைக்குப் பாங்கு கேட்டு எழுந்து வெளியே போன நான், தோட்டுத் தண்ணீர் கரையின் தோள் வரைக்கும் நிற்பதைப் பார்த்தேன். குளம் கீழே கிடந்தது, தோடு மேலே நின்றது. அத்தா பாவிய கற்களின் இடுக்கிலிருந்து வியர்வை மாதிரி தண்ணீர் கசிந்து குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் செங்குத்தாக நின்ற மண், ஓதம் தட்டித் தட்டி, கட்டி கட்டியாகத் தோட்டில் விழுந்துவிட்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் நண்டு துளைத்த ஓட்டையில் தண்ணீர் குழாய் மாதிரி வந்தது.

நான் குனிந்து வாயில் வைத்தேன். உப்பு.

இவரை எழுப்பவில்லை. அத்தாவையும் எழுப்பவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அந்தத் தண்ணீரிலேயே சாயா போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. வாயால் சொல்ல முடியாததை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன் போலிருக்கிறது. இவர் ஒரு மிடறு குடித்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார், மீதியையும் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். அத்தா ஒரு மிடறோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குளத்துக்கு நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் கரையின் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “கண்மாயில தண்ணி உள்ளருந்து கரையைத் தள்ளும் தாயி. அதனால உள்ள சாய்வும் உள்ள கல்லும் வெச்சேன். இங்க வெளியருந்துல்ல தள்ளுது. நான் கரையைத் திருப்பிப் போட்டுக் கட்டியிருக்கேன்.” குரலை இறக்கிச் சொன்னார்: “ஒன்னையக் கூட்டிட்டுப் போறதுக்காக வேணும்னே இப்பிடிக் கட்டுனேன்னு நெனச்சுராத.”

“யாரும் அப்படி நினைப்பாகளா அத்தா” என்றேன். கசிவைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் நான் அப்படி நினைத்திருந்தேன். அதனால் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொன்னேன்.

 சொன்ன சொல் சொன்னதுதான். உப்பு ஏறிவிட்டது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, “துணிமணிய எடுத்து வையி” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே கரை மேல் உட்கார்ந்துவிட்டேன். போனால் ரயிலின் குலுக்கலில் போக வேண்டும். இருந்தால் உப்புத் தண்ணீர். எது செய்தாலும் இது தங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்போதுதான் இவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, அத்தாவின் எதிரில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். நான் நடுவில் எழுந்து நிற்கப் போனேன், பழக்கதோஷம். கையால் என்னை உட்காரச் சொன்னார்.

“மாமா” என்றார். அவ்வளவுதான், அத்தா ஆடிப்போய்விட்டார். “விருச்சிக மாசம் எங்க கடைக்குள்ளயே தண்ணி ஏறும் மாமா. வருஷா வருஷம் மூட்டையெல்லாம் பலகை மேல தூக்கி வெக்கிறது நாந்தான். பைத்தியக்காரன், அதையும் இந்தக் குளத்தையும் நான் சேத்து யோசிக்கல.”

அத்தா இவரை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். “தண்ணி வெளியருந்து ஏறும்னு ஒங்களுக்குத் தெரியுமா மாப்ள?”

“தெரியும்.”

“நான் கட்டுறப்பவே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கேக்கலையே மாமா. கேக்காம நான் எப்படி ஒங்ககிட்டப் பேசுறது?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்குக் கரை தெரியும், ஓதம் தெரியாது. மற்றவருக்கு ஓதம் தெரியும், கரை தெரியாது. நடுவில் நான் ‘சாப்பிட்டாரா’வும் ‘சாப்பிட்டாச்சு’வும் சுமந்துகொண்டிருந்தேன். முதலில் சிரித்தது அத்தாதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணையும் அதே துண்டால் துடைத்துக்கொண்டார்.

“தை பொறக்கலையே மாமா” என்றார் இவர். “இன்னும் நாள் கிடக்கு. இன்னொரு தடவ கட்டிப் பாப்போம்.”

ஓதம் இறங்கியதும் வேலை ஆரம்பமாயிற்று. இந்தத் தடவை இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்தார்கள். அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டதோ என்னவோ, என் காது வலித்தது. கரையின் நடுவில் நீளவாக்கில் ஒரு ஆள் அகலத்துக்கு அகழி எடுத்தார்கள். செம்மண்ணைத் தாண்டி, அடியில் இருக்கும் கறுப்புச் சேறு தட்டுகிற வரைக்கும். தோட்டில் தண்ணீர் இறங்கும் நேரத்தில் அதன் அடியிலிருந்து பசை மாதிரி இருக்கும் களிமண்ணை வெட்டி எடுத்து, அந்த அகழியை நிரப்பினார்கள். கரைக்கு உள்ளே களிமண்ணால் ஒரு சுவர். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் அதைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு.

களிமண்ணில் ஆடு ஓட்ட முடியாது, புதைந்துவிடும். கால்தான். கட்டி இல்லாமல், காற்று இல்லாமல், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிற வரைக்கும் மிதிக்க வேண்டும். வெயிலில் களி காய்ந்து வெடித்தால் போச்சு. அதனால் அதன் மேல் ஈரச் சாக்குப் போட வேண்டும் என்றார் அத்தா. சாக்குக்கா பஞ்சம் என்று இவர் கடையிலிருந்து ஒரு கட்டுப் பழைய சாக்கைக் கொண்டுவந்து நனைத்துப் போட்டார். வற்றல் மிளகாய் வந்த சாக்கு. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் சாக்கை எடுத்துவிட்டு மிதிக்க இறங்கினார்கள் பாருங்கள். முதலில் இவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு அத்தா. பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அகழிக்குள் குதித்தார்கள். “என்ன மாப்ள இது, மண்ணு கடிக்குது!” என்று அத்தா கத்தினார். நான் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடாதே என்று இரண்டு பேரும் எரிச்சலை மறந்து ஒரே குரலில் அதட்டினார்கள்.

என்னை ஒரு கூடை மண் தொட விடவில்லை. தென்னை நிழலில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நாலாம் மாதம் ஒவ்வொரு நாளாகக் கழிந்தது. இடுப்பில் சின்ன வலி வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லமாட்டேன். அத்தா மண்வெட்டியை நிறுத்தி என்னைப் பார்ப்பார். இவர் நிறுத்தி என்னைப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்று நான் கையை ஆட்டுவேன். வேலை மறுபடியும் நடக்கும்.

களிச்சுவர் முடிந்ததும் உள்பக்கத்துக் கற்களையெல்லாம் பெயர்த்து வெளிப்பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே நன்றாகச் சாய்வு விட்டுப் பாவினார்கள். அது முடிந்த பிறகு குளத்தில் நின்ற உப்புத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ள வேண்டும். அத்தா ஒரு இறைகூடை முடைந்திருந்தார். கூடையின் இரண்டு பக்கமும் கயிறு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, வீசி முக்கி, வீசி ஊற்ற வேண்டும். ஒருவர் கை முந்தினால் கூடை கவிழும். முதலில் கவிழ்ந்துகொண்டேதான் இருந்தது. அத்தா ஊர்ப் பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். இவருக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை. கடைசியில் இவர் கடையில் மூட்டை எண்ணுகிற ராகத்தில் “லாபம்… ரெண்டு… மூணு…” என்று ஆரம்பித்தார். வியாபாரிகள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அந்த ராகத்துக்குக் கூடை ஒழுங்காகப் போய் வந்தது. அத்தாவும் கூடச் சேர்ந்து “லாபம்” என்று இழுத்தார். வெயில் சாய்ந்த பிறகும் அந்தக் குரல்கள் தோப்பில் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் துலாமழை பெய்த ஈரம் தோப்பு மண்ணில் இன்னும் இருந்தது. இறைத்துக் காலியான குளத்தில், தோப்புப் பக்கத்திலிருந்து ஊற்று மெதுவாகக் கசிந்து சேர்ந்தது. முதல் தண்ணீரையும் இறைத்துத் தள்ளினார்கள். இரண்டாவது தண்ணீர் லேசாகக் கரித்தது. அதையும் தள்ளினார்கள். அதற்குப் பிறகு ஊறியது பாதிக் குளம்தான். அடுத்த பௌர்ணமிக்கு ஓதம் மறுபடியும் ஏறியது. விடிந்ததும் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். தோடு கரையின் தோள் வரைக்கும் நின்றது. உள்பக்கம் காய்ந்து கிடந்தது. அத்தா உள்சரிவு நெடுக உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். கை ஈரமாகவில்லை.

அதற்குள் எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் வயிற்றுக்குள் அசைந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று இருந்தேன். அந்திக்கு இவரிடம் சொன்னேன். இவர் ஓடிப்போய் அத்தாவிடம் தானே சொன்னார். என்னை நடுவில் வைக்கவில்லை.

தை பிறந்தது. அன்று காலை அத்தா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குளத்துக்குப் போனார். குனிந்து அள்ளினார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் அள்ளிக் குடித்தார். திரும்பி வந்து என் தலையில் கை வைத்து, “நல்ல தண்ணி தாயி. ஒரு பொட்டு உப்பில்ல” என்றார். பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்துத் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

நான் ஜெயித்துவிட்டேன். போகவேண்டாம், இவரோடு இருக்கலாம். அதற்குத்தானே இத்தனை நாள் துஆ கேட்டேன். ஆனால் அத்தா கைலியை மடித்து, அதன் மேல் தொப்பியை வைத்து, பையின் வாயைக் கயிற்றால் கட்டுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தலைப்பிள்ளைக்குப் பெண்ணைப் பெற்றவர் வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் வழக்கம். எனக்கு அம்மாவும் இல்லை. நான் அம்மாவாக வைத்திருந்த மனுஷர் தன் கையாலேயே கரையைக் கட்டி, என்னை இங்கே நிறுத்திவிட்டுத் தனியாக ரயில் ஏறப் போகிறார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். “போகணும்னாலும் அழுற, இருக்கச் சொன்னாலும் அழுற. நான் என்னதான் செய்ய?” என்று அத்தா கேட்டார். 

இவர் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். உள்ளே வந்தார். அத்தாவின் கையிலிருந்து பையை வாங்கி, கயிற்றை அவிழ்த்தார்.

“மாமா. இத்தனை மாசமா இவ போகணுமா இருக்கணுமான்னே பேசிக்கிட்டிருந்தோம். நீங்க இருக்கலாம்னு நம்ம மூணு பேருல ஒருத்தருக்கும் தோணலையே.”

அத்தா பையைப் பார்த்தார். மகள் வீட்டில் போய்த் தங்குவது எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் குறைச்சல். ஒரு நாள், இரண்டு நாள், வேலை இருந்தால் ஒரு மாதம். பேறுகாலம் வரைக்கும் என்றால் ஊர் சிரிக்கும். அவர் ஊரில் வெள்ளாமை இருந்தது, என் அண்ணன் இருந்தான், ஊர்ப் பேச்சும் இருந்தது.  அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“புதுக் கரை. ஒரு மழைக்காலம் தாண்டுற வரைக்கும் ஆளு பக்கத்துல இருந்து பாத்துக்கணும், மாப்ள. அது முறை.”

எங்கள் ஊரில் அப்படி ஒரு முறை கிடையாது. எனக்குத் தெரியும், அத்தாவுக்கும் தெரியும். கரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத இவர் மட்டும் மிகவும் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டி, “ஆமா மாமா, கண்டிப்பா இருந்து பாத்துக்கணும்” என்றார்.

ஆனி மாதத்து அடைமழையில், அத்தா வெளியே குடையோடு கரை மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு மகள் பிறந்தாள்.